சுமைகூலிக் கணக்கு

கேள்வி: எண்ணெய் எடுக்கவே எண்ணெய் செலவாகிறதாமே? பூமிக்குள் இன்னும் ஏராளமாக இருக்கும்போது அதனால் என்ன? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான். எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்தில் முப்பது அடியில் தண்ணீர். இப்போது எண்ணூறு அடி போர். தண்ணீர் அதேதான், மோட்டார் குடிக்கும் மின்சாரம்தான் வேறு.

1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் சுமார் 350 மீட்டர் துளைத்ததுமே எண்ணெய் தானாகப் பீறிட்டது. அடக்கவே ஒன்பது நாள் ஆனது! இன்று கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் தார்மணலை (தார் போன்ற கெட்டி எண்ணெய் ஒட்டிய மணல்) வெட்டி, லாரியில் ஏற்றி, வெந்நீரில் அலசுகிறார்கள். ஆழத்தில் கிடப்பதை எரிவாயு எரித்து நீராவி செலுத்தி இளக்க வேண்டும். அப்புறம் சுத்திகரிப்பு வேறு.

போட்ட ஆற்றலுக்கு எத்தனை மடங்கு ஆற்றல் திரும்புகிறது என்ற விகிதத்தைக் கணக்கிடச் சொன்னவர் அமெரிக்கச் சூழலியலாளர் சார்லஸ் ஹால். மீன்களின் இடப்பெயர்ச்சியை ஆராய்ந்தவருக்கு எண்ணெய்க் கிணறு பிடிபட்டது வேடிக்கைதான். ஒன்று போட்டு இருபது எடுத்தால் நிகர மிச்சம் 95 சதவீதம். ஐந்து எடுத்தால் 80. இரண்டு என்றால் பாதிதான். விலை ஏறினால் தோண்டலாமே என்பீர்கள். சரி, ஒன்றுக்கு ஒன்றே வந்தால் எந்த விலைக்குத் தோண்டுவது?