போர்த்மடாக்: யார் கட்டிய துறைமுகம்?

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்கு வட வேல்ஸ் போயிருந்தோம். போர்த்மடாக் என்ற ஊரில் தங்கினோம். ரொம்பச் சின்ன ஊர், துறைமுகத்தில் சில பாய்மரப் படகுகள் மட்டும் நிற்கின்றன. ஆனால் மாடாக்ஸ் என்ற ஒரே மனிதர் உருவாக்கிய ஊர், இங்கிருந்து உலகமெங்கும் கப்பல் போனது என்கிறார்கள். ஒரு தனி ஆள் துறைமுக நகரையே உண்டாக்க முடியுமா? உண்டாக்கினார் என்றால் அது ஏன் இப்படி அடங்கிப்போனது?

கே., பர்மிங்காம்

அன்புள்ள கே.,

மாடாக்ஸ் உண்டாக்க நினைத்த ஊர் வேறு. அது ஒரு மைல் தள்ளி இருக்கும் ட்ரெமடாக், காரில் தாண்டியே போயிருப்பீர்கள். லண்டனிலிருந்து டப்ளினுக்குப் போகும் தபாலும் பயணிகளும் அந்த வழியாகப் போவார்கள் என்று கணக்குப் போட்டு, சதுக்கமெல்லாம் வைத்துக் கட்டி, ஒரு தெருவுக்கு லண்டன் பெயரும் இன்னொன்றுக்கு டப்ளின் பெயரும் வைத்தார். பாதை ஹோலிஹெட் என்ற வேறொரு துறைமுகத்துப் பக்கம் போய்விட்டது. ட்ரெமடாக் இன்றும் அதே சதுக்கத்தோடு அப்படியே இருக்கிறது.

அந்தப் பாதைக்காகவும், கடலிலிருந்து விளைநிலத்தை மீட்பதற்காகவும் அவர் போட்டதுதான் ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள ‘காப்’ என்ற கரை. 1811-ல் அடைத்து முடித்து, ஊரைக் கூட்டி விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். 1812 பிப்ரவரியில் புயல் வந்து உடைத்துவிட்டது. மாடாக்ஸ் அப்போது கழுத்தளவு கடனில் இருந்தார், பெரும்பாலும் ஊரிலும் இல்லை. உடைப்பை அடைக்க ஆள் சேர்த்து, அக்கம்பக்கத்து விவசாயிகளின் குதிரை வண்டிகளைக் கேட்டு வாங்கி வேலையை நடத்தியவர் அவருடைய காரியஸ்தர் ஜான் வில்லியம்ஸ். தோட்டக்காரராக வந்து சேர்ந்தவர். ‘ஒரே மனிதர்’ கதையில் இவர் பெயர் வருவதேயில்லை, எனக்கு அதில் எப்போதுமே ஒரு கடுப்பு உண்டு. (கவிஞர் ஷெல்லியும் அப்போது அங்கே குடியிருந்து கரைக்காக நிதி திரட்டினார். 1813-ல் யாரோ தன்னைச் சுட்டதாகச் சொல்லி ஊரைவிட்டே ஓடிவிட்டார், அது தனிக்கதை.)

இனிதான் விஷயமே. மணல்வெளியில் இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருந்த க்ளாஸ்லின் ஆற்றை இந்தக் கரை மேற்கு ஓரத்துக்கு ஒதுக்கி, மதகு வழியாக விட்டது. அகலமாகப் பரவிய தண்ணீர் ஒரே இடத்தில் பாய்ந்ததும் மணலை அரித்து ஆழமான பள்ளம் பறித்துவிட்டது. கப்பல் நிற்கும் ஆழம்! யாரும் திட்டம் போட்டுத் தோண்டியதல்ல. மாடாக்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, 1821-ல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கித் துறைமுகம் கட்டினார், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் 1828-ல் பாரிஸில் இறந்துபோனார், ஊர் ஊரானதைப் பார்க்கவில்லை.

ஊராக்கியது மலைமேல் ப்ளைனாய் ஃபெஸ்டினியாக் என்ற ஊரில் இருந்த ஸ்லேட் (கூரை வேயும் பலகைக்கல்) சுரங்கங்கள். அதுவரை ஸ்லேட்டை வண்டியில் இறக்கி, ஆற்றில் சின்னப் படகில் ஏற்றி, கடலில் மறுபடி கப்பலுக்கு மாற்ற வேண்டும், ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் உடையும். 1836-ல் அங்கிருந்து துறைமுகம் வரை ஃபெஸ்டினியாக் ரயில் வந்தது. இரண்டடிக்கும் சற்றுக் குறைவான அகலத்தில் தண்டவாளம், என்ஜின் கிடையாது. சரக்கு வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கும், பிரேக் பிடிக்க ஆட்கள் மேலே உட்கார்ந்திருப்பார்கள், காலி வண்டிகளை மேலே இழுக்க வேண்டிய குதிரைகள் கடைசிப் பெட்டியில் நின்று தீவனம் தின்றபடி இறங்கி வரும். நீராவி என்ஜின் 1863-ல்தான் வந்தது. நம்மூர் டார்ஜிலிங் ரயிலுக்கு முன்மாதிரி இந்த லைன்தான்.

1842-ல் ஹாம்பர்க் நகரம் எரிந்தது. திரும்பக் கட்டியபோது கூரைக்கு ஸ்லேட் கேட்டார்கள், ஜெர்மன் வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1873-ல் மட்டும் 1,16,000 டன்னுக்கு மேல் இங்கிருந்து போயிருக்கிறது. கப்பல்களையும் அங்கேயே கட்டினார்கள். ஒரு கப்பலை 64 பங்காகப் பிரித்து, மாலுமி, மளிகைக்கடைக்காரர், சுரங்கத் தொழிலாளி, விதவை என்று ஊரே வாங்கி வைத்திருக்கும். துறைமுகத்துக்கு எதிரே ஒரு மேடு தெரிந்திருக்குமே, அது காலியாக வந்த கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றிவந்த கல்லும் மண்ணும் கொட்டிக் கொட்டி உண்டான தீவு.

அடங்கியதற்கு மாயமான காரணம் ஒன்றுமில்லை. 1867-லேயே பெரிய ரயில் ஊருக்கு வந்துவிட்டது, அப்புறம் மலைமேல் ப்ளைனாய்க்கும் போட்டி ரயில்கள் போயின, ஸ்லேட் கப்பலுக்கு வராமல் நேரே ரயிலேறியது. 1914-ல் போர் வந்ததும் ஜெர்மன் சந்தை ஒரே நாளில் மூடியது. அங்கே கடைசியாகக் கட்டிய கப்பலான ‘கெஸ்டியானா’ 1913-ல் முதல் பயணத்திலேயே தொலைந்தது. ஃபெஸ்டினியாக் ரயிலும் 1946-ல் நின்றது. இப்போது நீங்கள் ஏறியிருக்கக்கூடிய சுற்றுலா ரயில், 1955-லிருந்து தன்னார்வலர்கள் துண்டு துண்டாக மீட்டுத் திறந்தது.

மறுபடி போனால் படித்துறையில் பழைய ஸ்லேட் கொட்டகை ஒன்றில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, பாருங்கள். குழந்தைகளுக்கு ரயில் போதும்.