கேளுங்கள், சொல்கிறேன்: திரைப்பதிவுக்கு மார்க் போடுவது எப்படி?

கேள்வி: பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். ‘ஏதாவது ஒரு வேலையைக் கம்ப்யூட்டரில் செய்துகாட்டுங்கள், பேசிக்கொண்டே ஸ்க்ரீனை ரெக்கார்ட் செய்து கொண்டுவாருங்கள்’ என்று 48 பேருக்கும் சொல்லிவிட்டேன். சிலர் டைட்டில், மியூசிக் எல்லாம் போட்டு அசத்திவிட்டார்கள். சிலருடையதில் கன்டெய்னர் லாரி ஹாரன்தான் பாதி நேரம் கேட்கிறது. 20 மார்க்கை எப்படிப் பிரிப்பது?
– ஓர் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: டீச்சர், டைட்டிலுக்கும் மியூசிக்குக்கும் ஒரு மார்க்கும் கிடையாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருப்பது அந்தப் பிள்ளையின் தப்பில்லை. பேசுவது காதில் விழுந்தால் போதும், ஹாரனுக்காக எதையும் குறைக்காதீர்கள்.

இதைக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து 1920-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரைப் பற்றி ஒரு விஷயத்தில் நல்ல எண்ணம் வந்துவிட்டால், சம்பந்தமே இல்லாத மற்ற விஷயங்களிலும் அவருக்குத் தாராளமாகவே போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. வீடியோவில் இது இன்னும் மோசம். நல்ல மைக், சரளமான இங்கிலீஷ், தயங்காத குரல் என்று முதல் அரை நிமிடத்திலேயே நம் கை 18-க்குப் போய்விடும், அந்தப் பையன் செய்த கணக்கு தப்பாக இருந்தாலும்.

நான் பிரிப்பதானால் இப்படிப் பிரிப்பேன்: வேலை சரியாக முடிந்ததா என்பதற்கு 8, ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறேன் என்று சொன்னதற்கு 6, பார்க்கிறவர் பின்தொடர முடிந்ததா என்பதற்கு 3, மீதி 3 மார்க் நீங்கள் நேரில் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு.

அந்த ‘ஏன்’ 6 மார்க்தான் இதில் முக்கியம். ‘இங்கே கிளிக் பண்றேன், இப்போ இதை செலக்ட் பண்றேன்’ என்பது நம் கண்ணுக்கே தெரிகிறது, அதை வாயால் சொன்னதற்கு மார்க் வேண்டாம். பைத்தான் புரோகிராமில் range(1,10) என்று எழுதிவிட்டு ‘1 முதல் 10 வரை வரும்’ என்கிறான் ஒருவன், ரன் பண்ணினால் 9-இலேயே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளாது என்று சொல்லி 11 என மாற்றினால், தடுமாறாமல் ஓட்டிய பிள்ளையைவிட இவனுக்கு விஷயம் தெரியும் என்றுதான் நான் நினைப்பேன். இன்னொரு பெண் படகு டீசல் செலவை எக்ஸல் ஷீட்டில் போடுகிறாள் என்று வையுங்கள். லிட்டர் விலை ஒரே செல்லில் இருக்கிறது, ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் இரண்டாவது வரிசையிலிருந்து எல்லாம் பூஜ்யம். விலை இருக்கும் செல்லும் கூடவே கீழே நகர்ந்துவிட்டதைக் கண்டுபிடித்து, அது நகராமல் இருக்க ஃபார்முலாவில் டாலர் குறி போடுகிறாளே, அந்த அரை நிமிடம்தான் உங்களுக்கு வேண்டியது. எடிட் பண்ணும்போது பிள்ளைகள் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்! அதனால் ‘தப்பு வந்தால் வெட்டாதே, சரிசெய்து காட்டு’ என்று விதியாகவே எழுதிக் கொடுங்கள்.

நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 48 பேருக்கு 8 மணி நேரம், 4 நிமிடம் என்றால் 3 மணி 12 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ஐந்தாறு வீடியோவை மார்க் போடாமல் சும்மா பாருங்கள், வகுப்பின் தரம் பிடிபட்ட பிறகு பேனாவை எடுங்கள். இல்லையென்றால் முதலில் பார்த்தவனுக்கு ஒரு அளவுகோல், கடைசியில் பார்த்தவளுக்கு ஒரு அளவுகோல் என்று ஆகிவிடும். தமிழில் பேசினால் குறைவு என்ற நினைப்பும் வேண்டாம்.

லேப்டாப் இல்லாதவர்கள் பள்ளி லேபில் ரெக்கார்ட் செய்யட்டும், அல்லது போனிலேயே செய்துகாட்டக்கூடிய வேலையை எடுத்துக்கொள்ளட்டும். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து போனிலேயே ஸ்க்ரீன் ரெக்கார்டர் இருக்கிறது. ஆனால் ஆடியோவைத் தனியாக ஆன் செய்யாவிட்டால் ஊமைப்படம்தான் வரும். தொடும் இடத்தைக் காட்டும் வசதியும் அதிலேயே உண்டு, அதையும் ஆன் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் பத்தாவது படிக்கிறாள். ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு இப்படி ஒரு வீடியோ எடுக்கிறாள். ஒரு வார்த்தை தடுக்கினால் போதும், அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். ராத்திரி 12 மணி ஆகியும் தூங்குவதில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: அம்மா, முழு வசனத்தையும் எழுதிவைத்துப் படிக்கிறாளா என்று பாருங்கள். படிப்பதாக இருந்தால் அதை வாங்கி வைத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் படிகளை மட்டும் நாலு வார்த்தையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தடுக்கினால் ஒரு மூச்சு விட்டு அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லட்டும், ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு ஒத்திகை, இரண்டு டேக், அதில் நல்லதைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகட்டும். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து ‘எனக்குச் சொல்லிக்கொடு’ என்று கேட்டால் இன்னும் நல்லது, யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்துவிட்டால் பேச்சு தானாக வரும்.

கேள்வி: என் ஃப்ரெண்ட் ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்து ரெக்கார்ட் பண்ணிட்டான். சாருக்குத் தெரியுமா? நானும் பண்ணலாமா?
– பிளஸ் டூ மாணவர், வியாசர்பாடி

பதில்: தம்பி, குரல் ஒரு பக்கமும் மவுஸ் ஒரு பக்கமும் போகும், அதிலேயே பாதி தெரிந்துவிடும். ‘இந்த லைனை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்று சார் ஒரு கேள்வி கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். புரியாத இடத்தை ஏஐயிடம் கேட்டுப் படித்துக்கொள்ளலாம், சார் வேண்டாம் என்று சொல்லாதவரை. ரெக்கார்ட் பட்டனை அழுத்திய பிறகு உன் சொந்த வார்த்தையில் பேசு.

கேள்வி: பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோவில் எழுத்தே தெரியவில்லை. கண் வலிக்கிறது!
– ஓர் ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: சார், வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், முதலில் அடிபடுவது சின்ன எழுத்துதான். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். இல்லையென்றால் பென்டிரைவ். ரெக்கார்ட் செய்யும் முன் எழுத்தின் அளவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், கோட் எழுதும் ஜன்னலை மட்டும் திரை முழுக்க விரிக்கச் சொல்லுங்கள். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போடவும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் பேங்க் ஓடிபி முதல் வீட்டுச் சண்டை வரை எல்லா மெசேஜும் திரையில் வந்து நிற்கும், அந்த வீடியோ வகுப்பு குரூப்பில் வேறு சுற்றும்.