விசுவாசமும் தண்ணிக் குடமும்

அண்ணா, ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரில இருந்து எழுதுறேன், ஓசூர்ல கம்பெனி வேலை. தினம் காலைல நாலரைக்கு எழுந்து வேதம் வாசிக்கிறேன், ஆப்ல 210 நாள் விடாம வந்திருக்கு. ஆனா விசுவாசத்துல வளர்ந்த மாதிரியே தெரியல. ஜெபத்துல உக்காந்தா போதும், குழாய்ல தண்ணி வருது வந்து புடிடான்னு அம்மா கூப்பிடுவாங்க, அவங்களுக்கு முட்டி வலி வேற, நான் கத்திடுறேன். உபவாசம் இருந்து பாக்கலாமா? ஜெபத்துல தெரியாத பாஷைல பேசற அந்நியபாஷை வரம் வரலன்னா வளரலன்னு அர்த்தமா? நல்ல வாசிப்புத் திட்டம் ஒண்ணு சொல்லுங்க.

தம்பி,

உபவாசம் உங்க இஷ்டம், சுகர் கிகர் இருந்தா டாக்டர கேட்டுக்கோங்க. அந்நியபாஷை சண்டைக்கு நான் வரல, "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?"ன்னு 1 கொரிந்தியர் 12ல பவுலே கேட்டுட்டார்.

விசுவாசம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தையத்தான் நான் ரெண்டு வாரமா மென்னுட்டு இருக்கேன். கலாத்தியர் 5:22ல ஆவியின் கனில விசுவாசம்னு வருதே, கிரேக்கத்துல அது பிஸ்டிஸ். நம்புறதுக்கும் அதான், நம்பி ஒரு பொருள ஒப்படைக்கற மாதிரி நடந்துக்கறதுக்கும் அதான். லூக்கா 16:10ல "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்"னு படிக்கறோமே, அங்க இருக்கறது பிஸ்டோஸ், ஒரே வேர். நம்ம தெருவுல இது இன்னும் உயிரோட இருக்கு, சோறு போட்ட வீட்டுக்கு விசுவாசமா இருன்னுதான சொல்றோம், நாய்க்குக்கூட அந்த வார்த்தைய குடுத்திருக்கோம், ஆனா சர்ச் படி ஏறினதும் அது நெஞ்சுக்குள்ள சூடா ஏதோ தோணுதான்னு தடவிப் பாக்கற சமாச்சாரமா ஆயிடுது. எனக்கு இதுல ரொம்ப கோவம்.

எங்க பெரியம்மா பழையபேட்டை மண்டில இருந்து புளி மூட்டை வாங்கிட்டு வந்து வீட்ல ஓடு தட்டி, நார் உரிச்சு, கொட்டை எடுத்துக் குடுக்கும். கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. மாசி பங்குனில எங்க வீடு பூரா புளிதான், விரல் இடுக்கெல்லாம் எரியும். எனக்கு பத்து வயசு இருக்கும், எடை கூடுனா காசு கூடும்னு யாரோ சொன்னத கேட்டு ராத்திரி ஒரு சொம்பு தண்ணிய தெளிச்சு விட்டுட்டேன். காலைல பெரியம்மா கைய விட்டதுமே கண்டுபுடிச்சிடுச்சு. அடிக்கல, ஆனா வாய்ல வந்ததெல்லாம் வந்துச்சு, ஜெபக்கூட்டத்துக்கு போற பொம்பள பேசற பேச்சே இல்ல அது. மொத்தத்தையும் மொட்டை மாடில கொட்டி, ஒரு நாள் பூரா காய வச்சு, மறுநாள் மண்டில போய் இந்த மாதிரி ஆச்சுன்னு அதுவே சொல்லிடுச்சு. மண்டிக்காரர் சிரிச்சுட்டு, லேட்டா கொண்டு வந்ததுக்கு கூலில புடிச்சிட்டார். அவ்வளவுதான், அப்புறம் ஆசீர்வாதம் ஒண்ணும் கொட்டல, அந்த வாரம் களிக்கு தொட்டுக்க ஒண்ணுமில்ல. பெரியம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பிரசங்கத்துல தூங்கிடும். பையில ரெண்டு நிறைகல் வைக்காதன்னு உபாகமம் 25ல இருக்கறது நான் காலேஜ் படிக்கறப்பதான் என் கண்ணுல பட்டுச்சு.

உங்க ஊர்லயேதான் பாருங்க, 1895ல மிசௌரி லுத்தரன்ங்கற அமெரிக்க சபைக்காக மிஷன் வேலைய ஆரம்பிச்ச தியோடர் நேதர், 1904ல அங்கயே பிளேக்ல செத்தார். 9 வருஷம். அவர்கிட்ட ஆப் இல்ல, கணக்கு காட்ட.

வாசிக்க வேண்டாம்னு சொல்லலப்பா, நாலரைக்கு எழற பையன பாத்தா எனக்கு சந்தோஷம்தான், நானெல்லாம் ஆறரைக்கு முன்னாடி எழுந்ததே இல்ல. ஆனா அம்மா கூப்பிடறது ஜெபத்துக்கு இடைஞ்சல்னு எழுதறியே, படிச்சு எரிச்சலா வந்துச்சு. 210 நாள் எண்ணி வச்சிருக்க. அந்த முட்டியோட அவங்க எத்தன குடம் தூக்குனாங்கன்னு எண்ணுனியா?

வாசிப்புத் திட்டம் பத்தி கேட்டிருந்தீங்க இல்ல, தண்ணி எத்தன மணிக்கு வரும்னு மொதல்ல எனக்கு எழுதுங்க.