அம்மாவோ அப்பாவோ நடுவயதில் மறுபடியும் கல்லூரிக்குப் போகும் காமெடிப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

ஒன்றுதான் பார்ப்பீர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு 1986-இல் வந்த ‘பேக் டு ஸ்கூல்’ பாருங்கள். இந்த வகையில் பலரும் முதலில் கைகாட்டுவது 2018-இல் வந்த ‘லைஃப் ஆஃப் த பார்ட்டி’. எனக்கு அது பாதிக் கிணறுதான்.

அதில் அம்மாவாக மெலிசா மெக்கார்த்தி. மகளைக் கடைசி வருடப் படிப்புக்குக் கல்லூரியில் இறக்கிவிட்ட கையோடு, காரிலேயே புருஷன் விவாகரத்து கேட்கிறான். வீடும் அவன் பெயரில். கர்ப்பமானதால் கடைசி வருடத்தில் விட்டுப்போன தொல்லியல் படிப்பை முடிக்க, மகள் படிக்கிற கல்லூரியிலேயே போய்ச் சேருகிறாள். தொடக்கம் அமர்க்களம். அப்புறம்தான் படம் அவளுக்கு ரொம்பச் செல்லம் கொடுத்துவிடுகிறது. மகள் கொஞ்சம் முகம் சுளிக்கிறாள், அவ்வளவுதான். சீக்கிரமே அம்மாவும் மகளின் தோழிகளும் ஒரே செட். பெற்ற தாய் அதே வளாகத்தில் புத்தகப் பையோடு சுற்றினால் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு எப்படிக் கூசும்? காமெடி இருப்பதே அந்தக் கூச்சத்தில்தான். அதை விட்டுவிட்டு பார்ட்டி, டான்ஸ் என்று ஓட்டிவிட்டார்கள். வகுப்பின் முன்னால் நின்று பேச முடியாமல் மெக்கார்த்தி வியர்த்துக் கொட்டும் காட்சி மட்டும் விதிவிலக்கு. மேடை பயம் உள்ளவர்களுக்குச் சிரிப்போடு வயிற்றையும் கலக்கும்.

‘பேக் டு ஸ்கூல்’ அப்பா, ரோட்னி டேஞ்சர்ஃபீல்டு, வேறு ரகம். பருமனானவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் துணிக்கடைகள் வைத்துக் கோடீஸ்வரரானவர்; கல்லூரிப் படிப்பே இல்லாதவர். கல்லூரியில் திணறும் மகனுக்குத் துணையாக இருக்கத் தானும் சேர வருகிறார். தகுதி இல்லை என்கிறார்கள். கட்டடம் கட்டப் பணம் கொடுக்கிறார், சீட் கிடைத்துவிடுகிறது!

பொருளாதார வகுப்புக் காட்சி ஒன்று போதும். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கற்பனைத் தொழிற்சாலைக்குக் கணக்குப் போடுகிறார். நம் ஆள் குறுக்கே புகுந்து, யார் யாருக்கு லஞ்சம் கொடுக்க வேண்டும், எந்தச் செலவையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று அடுக்குகிறார். மாணவர்கள் பேராசிரியரை விட்டுவிட்டு இவர் சொல்வதைக் குறிப்பெடுக்கிறார்கள். தொழில் செய்தவர்கள் யாரும் இங்கே சத்தமாகச் சிரிப்பார்கள்.

அதற்காக அப்பா சொல்வதெல்லாம் சரி என்று படம் விட்டுவிடவில்லை. எழுத்தாளர் கர்ட் வானகட் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், காசு கொடுத்து வானகட்டையே எழுத வைக்கிறார். வானகட்டே ஒரு நொடி வாசலில் வந்து நிற்பார். கட்டுரையைப் படித்த பேராசிரியைக்கு இது இவர் எழுதியதில்லை என்று தெரிந்துவிடுகிறது. அதோடு, எழுதியவருக்கு வானகட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். காசு கொடுத்து வாங்கும் இந்தக் குறுக்கு வழி மகனுக்குப் பிடிப்பதில்லை. அப்பா பிள்ளை நடுவே நிஜமான ஒரு உரசல் இருப்பதால்தான் சிரிப்பு நீர்த்துப்போவதில்லை.

கதை லாஜிக் எல்லாம் பார்க்காதீர்கள், குறிப்பாகக் கடைசி டைவிங் போட்டியில். ஒரு குளியலறைக் காட்சியும் உண்டு, அதனால் சின்னப் பிள்ளைகள் வேண்டாம். கல்லூரி வயதுப் பிள்ளைகள் என்றால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அம்மாவும் மகளும் லேசாக எதையாவது பார்த்துச் சிரிக்கலாம் என்றால் மெக்கார்த்தி படமே போதும்.