மஞ்சள் லைட், சிவப்பு லைட்: கார் கேள்வி-பதில்

கேள்வி: என்னோடது 2016 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ் 4. எஞ்சினோட சேர்த்து வாட்டர் வாஷ் விட்டேன், மறுநாள்லருந்து மஞ்சள் எஞ்சின் லைட் எரியுது, சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறுது. ஒர்க்‌ஷாப்ல காயில், பிளக் எல்லாத்தையும் செட்டா மாத்தணும்ங்கறாங்க. வேற வழி இருக்கா சார்?
- வாசகர், திருப்பூர்

பதில்: இருக்குங்க, இப்பவே ஒத்துக்காதீங்க. சிலிண்டருக்குள்ள பெட்ரோலைப் பத்த வைக்கறது பிளக், அதுக்கு கரண்ட் கொடுக்கறது காயில். வாட்டர் வாஷ் விட்டதும் உதறல் ஆரம்பிச்சா முதல் சந்தேகம் பிளக் குழிக்குள்ள தேங்கின தண்ணி மேலதான் வரணும். முதல்ல வண்டி பதிஞ்சு வச்சிருக்கற கோளாறு கோடு (code) என்னன்னு பாருங்க. பிஎஸ் 4ங்கற புகை விதிப்படி வந்த கார்ல 2013 ஏப்ரல்லருந்து ஓபிடி 2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிச்சுப் பதியற ஏற்பாடு) கட்டாயம், அதனால உங்க வண்டில ஸ்டீயரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகுற ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது, மொபைல்ல ஆப் போட்டா கோடு தெரிஞ்சிடும். பி0301னா முதல் சிலிண்டர்ல மிஸ் ஆகுது, அதாவது பெட்ரோல் சரியா எரியலை, பி0302னா ரெண்டாவது, இப்படியே போகும்.

எஞ்சின் நல்லா ஆறினதும் சாவியை எடுத்துட்டு அந்த சிலிண்டரோட காயிலைக் கழட்டுங்க. பெரும்பாலும் ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்டுதான், ஒயர் முனைல இருக்கற கப்ளரோட லாக்கை அமுக்கிட்டு எடுக்கணும், ஒயரைப் பிடிச்சு இழுத்துடாதீங்க. காயிலோட ரப்பர் நுனி ஈரமா இருக்கா, வெள்ளையா பூத்திருக்கான்னு பாருங்க, துணியால துடைச்சு, குழிக்குள்ள காத்து அடிச்சு நல்லா காயவிட்டு மாட்டுங்க. பிளக்கை கழட்டறதா இருந்தா காத்து அடிச்ச பிறகுதான் கழட்டணும், இல்லன்னா குழில கிடக்கற மண்ணு நேரா சிலிண்டருக்குள்ள போயிடும். நிறைய வண்டி இதுலயே சரியாயிடும்.

அப்பவும் உதறுச்சுன்னா, வந்த கோடு பி0301னு வச்சுக்குவோம், முதல் சிலிண்டர் காயிலை ரெண்டாவதுலயும் ரெண்டாவதோடதை முதல்லயும் மாத்திப் போடுங்க, பதிவான கோடு எல்லாத்தையும் அழிச்சுட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. இப்ப பி0302 வந்தா காயில்தான் போயிருக்கு, அந்த ஒண்ணை மட்டும் வாங்கினா போதும். பழையபடி பி0301தான் வருதுன்னா காயில் நல்லாத்தான் இருக்கு, பிளக்கையும் இதே மாதிரி மாத்திப் பாருங்க, அதுக்கும் கோடு நகரலன்னா கப்ளர், ஒயர், பெட்ரோலைப் பீய்ச்சற இன்ஜெக்டர்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. காசே செலவில்லாத இந்த சோதனையைப் பண்ணாம மொத்த செட்டையும் மாத்தச் சொல்றது எனக்கு உண்மையாவே கோபம் வரவைக்கிற விஷயம்.

பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டினா லைட் அணைஞ்சிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கோளாறு அப்படியே இருக்கும், அது எந்த ஸ்பீடுல, எவ்வளவு எஞ்சின் சூட்டுல வந்துச்சுங்கற பதிவுதான் அழிஞ்சு போகும். லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா வண்டியை ஓரம் கட்டிடுங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் லைன்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே உருக்கிடும், அது காயிலை விட பல மடங்கு விலை.

கேள்வி: வண்டி ஓடும்போதே சிவப்பு பேட்டரி லைட் எரியுது. பேட்டரி மாத்தணுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீங்கம்மா. ஓடும்போது எரிஞ்சா பெரும்பாலும் பேட்டரிக்கு சார்ஜ் ஏறலைன்னுதான் அர்த்தம். முதல்ல எஞ்சினை நிறுத்திட்டு பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கா, தொங்குதான்னு பாருங்க. அறுந்திருந்தா ஓட்டவே வேண்டாம், பல கார்ல அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது, எஞ்சின் சூடேறிடும். பெல்ட் சரியா இருந்தா டெர்மினலைப் பாருங்க. பச்சையா வெள்ளையா பூத்திருந்தா நெகட்டிவை முதல்ல கழட்டிட்டு, சுடுதண்ணில சமையல் சோடா கரைச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சு இறுக்குங்க, மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேல கொஞ்சம் வேசலின் தடவிக்கலாம். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா எஞ்சின் ஆஃப்ல 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், ஸ்டார்ட் பண்ணதும் 13.5லருந்து 14.5க்குள்ள ஏறணும். ஏறலைன்னா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரைக் கழட்டிப் பார்க்கணும், பல நேரம் உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதை மட்டும் மாத்திக் கொடுத்துடுவார்.

கேள்வி: பிரேக் லைட் சிவப்பா எரிஞ்சுச்சு, ஆயில் ஊத்தினேன், அணைஞ்சிடுச்சு. போதுமா?
- வாசகர், மதுரை

பதில்: போதாதுங்க, தயவுசெஞ்சு பிரேக் பேடைப் பாருங்க, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கறது அதுதான். பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் தானா இறங்கும், மேல ஊத்தினா லைட் அணையுமே தவிர பேட் தேஞ்சதுதான். மறுபடி வேகமா இறங்கினா எங்கயோ லீக், சக்கரத்தோட உள்பக்கம் ஈரம் இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த வண்டியை எடுக்காதீங்க. ஊத்தற பிரேக் ஆயில் டாட் 3 ரகமா டாட் 4 ரகமான்னு மூடிலயே போட்டிருக்கும். திறந்து வச்ச பழைய பாட்டில் வேண்டாம், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்.

கேள்வி: மண் ரோட்டுல போய்ட்டு வந்ததும் ஏபிஎஸ் லைட் எரியுது. பிரேக் பிடிக்குமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அது மட்டும் மஞ்சளா எரிஞ்சா சாதாரண பிரேக் பிடிக்கும், திடீர் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம காக்கற ஏபிஎஸ் வேலை செய்யாது, மெதுவா போங்க. சக்கரத்துகிட்ட இருக்கற ஸ்பீடு சென்சார்ல சேறு அப்பியிருக்கும், இல்ல எலி ஒயரைக் கடிச்சிருக்கும், சென்சாரைக் கழுவித் துடைச்சு கப்ளரை அமுக்கிப் பாருங்க. கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிஞ்சா ஓட்டாதீங்க.

கேள்வி: ஏர்பேக் லைட்டை நானே சரி பண்ணலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். சீட்டுக்கு அடில பையைத் திணிச்சு மஞ்சள் கப்ளர் லூசாகறதுதான் நிறைய கார்ல காரணம், சின்ன வேலைதான், ஆனா அந்த லைன்ல மல்டிமீட்டர் வச்சா பேக் வெடிக்கவே வாய்ப்பிருக்கு. லைட் எரியற வரைக்கும் மோதினா பேக் திறக்காம போகலாம், அதனால தள்ளிப் போடாம ஏர்பேக் கோடு படிக்கிற ஸ்கேனர் இருக்கற இடத்துல காட்டுங்க.