ஐந்து வருஷமாக அதே மேசை, அதே பதவி

ஐயா, வணக்கம். மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்டென்ஷன் எஜுகேட்டராக, அதாவது பல்கலைக்கழக ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியாளராகச் சேர்ந்து ஐந்தாவது வருஷம் நடக்கிறது, இன்னும் சேர்ந்தபோது கொடுத்த பதவிதான், கூடப் படித்தவர்கள் விதை கம்பெனியிலும் மருந்து கம்பெனியிலும் மேனேஜர் ஆகிவிட்டார்கள், இவள் வேலையில் ஏதாவது குறையா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையில் முதல் பதவி உயர்வே பல இடங்களில் ஐந்து, ஆறு வருஷம் கழித்துத்தான் வரும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்த நேரம் வரும்போது எடுத்துக் காட்ட அவள் கையில் என்ன இருக்கும்?

நீங்கள் முப்பது வருஷம் அரசுப் பணியில் இருந்தவர். சீனியாரிட்டி பட்டியல், மேலே ஓர் இடம் காலியாவது, ரகசியக் குறிப்பில் கறை விழாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் உங்களுக்குப் பழகிய பதவி உயர்வு. அங்கே யாரும் ஓய்வுபெற்று இடம் காலியாக வேண்டியதில்லை. பல மாநிலங்களில் இவர்களுக்கும் பேராசிரியர்களைப் போல ரேங்க் உண்டு: அசிஸ்டன்ட், அசோசியேட், அப்புறம் முழு ரேங்க். தகுதியை நிரூபித்தால் ஒரே வருஷத்தில் பத்துப் பேருக்கும் கிடைக்கும், நிரூபிக்காவிட்டால் ஒருவருக்கும் கிடைக்காது. கிடைத்த பிறகும் வேலை மாறாது. அதே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), அதே அலுவலகம், அதே விவசாயிகள். பதவிப் பெயரில் ஒரு சொல் மாறும், சம்பளம் ஓரளவு கூடும், துள்ளிக் குதிக்கும் அளவுக்கு அல்ல. அதனால்தான் தூரத்தில் இருக்கும் உங்கள் கண்ணுக்கு அவள் நகரவே இல்லை என்று தோன்றுகிறது.

பெயரும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் கவுண்டி ஏஜென்ட் என்பார்கள், கலிஃபோர்னியாவில் அட்வைசர். ஃபுளோரிடாவில் ஏஜென்ட் 1 முதல் 4 வரை படிகள், அதோடு நிரந்தர அந்தஸ்து என்று தனியாக ஒன்று. சில இடங்களில் டென்யூர் என்ற நிரந்தரப் பணிப் பாதுகாப்பு கிடைக்கும், சில இடங்களில் அவ்வப்போது புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். எனவே வேறு மாநிலத்தில் இருக்கும் தோழி சொன்னதை வைத்து மகள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். தன் பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வு விதிகளையும், சேரும்போது தனக்குக் கொடுத்த பணி விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். பதவி உயர்வுக் குழு அவளை அளக்கப்போவது அந்தப் பணி விவரத்தை வைத்துத்தான்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் தானியப் பயிர்களுக்காக நியமிக்கப்பட்டவர். கவுண்டியில் 4-எச் பொறுப்பாளர் விலகிப்போனார். 4-எச் என்பது இதே அமைப்பு சிறுவர்களுக்காக நடத்தும் இளையோர் திட்டம். கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள், இவரும் சரி என்றார். மூன்று வருஷம் கன்றுக்குட்டிப் போட்டியும் கோடை முகாமுமாகப் போயிற்று. ஊரே அவரைக் கொண்டாடியது. பதவி உயர்வுக் குழு கேட்டது ஒன்றே ஒன்று: பயிர் எங்கே? பணி விவரத்தை எழுத்தில் மாற்றித் தரும்படி அவர் முதல் மாதமே கேட்டிருந்தால் அந்த மூன்று வருஷமும் கணக்கில் வந்திருக்கும். அவர் கேட்கவில்லை, மேலதிகாரியும் தானாகச் செய்யவில்லை.

இவ்வளவு கறாராக ஏன் இருக்கிறார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை தெரிய வேண்டும். 1862-ல், மத்திய அரசு கொடுத்த நிலத்தின் வருமானத்தில் உருவான நிலக்கொடைக் கல்லூரிகளுக்கான மோரில் சட்டம், 1887-ல் ஆராய்ச்சி நிலையங்களுக்கான ஹாட்ச் சட்டம், 1914-ல் விரிவாக்கத்துக்கான ஸ்மித்-லீவர் சட்டம் என்று மூன்று தூண்கள். இந்த மூன்றாவது சட்டம் வருவதற்கு முன்பே, 1903-ல், டெக்சாஸில் டெரல் என்ற ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த சீமன் நாப் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். அரசுப் பண்ணையில் அல்ல, வால்டர் போர்ட்டர் என்ற விவசாயியின் சொந்த நிலத்தில். புது முறையால் நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஊர்க்காரர்களே ஒரு நிதி திரட்டி வைத்தார்கள். அந்த நிதியைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை, போர்ட்டருக்கு லாபம்தான். அன்றைக்கே அளவுகோல் தீர்மானமாகிவிட்டது: பேச்சு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நிலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். இன்றைக்கும் இந்த அமைப்புக்கு மத்திய அரசு, மாநிலம், கவுண்டி என்று மூன்று பைகளிலிருந்து பணம் வருகிறது. கூட்டுறவு விரிவாக்கம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். மூன்று பேரும் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி, கொடுத்த பணத்தால் என்ன மாறியது என்பது. பதவி உயர்வுக் குழுவும் அதையேதான் கேட்கும்.

நம் பக்கத்து ஆட்கள் வழுக்குவது இங்கேதான். நீங்களே எத்தனை அறிக்கை எழுதியிருப்பீர்கள்! "முகாம் நடத்தப்பட்டது. 340 விவசாயிகள் கலந்துகொண்டு பயன்பெற்றனர்." யார் நடத்தியது என்று இருக்காது, என்ன பயன் என்றும் இருக்காது. உங்கள் மகள் இரண்டாவது வருஷ அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது இதே நடைதான். கூட்டம் 12, வந்தவர்கள் 340, தொலைபேசி அழைப்பு இத்தனை, வயலுக்குப் போனது இத்தனை தடவை. உழைப்பு தெரிகிறது. ஆனால் அந்த 340 பேர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

விரிவாக்கத் துறையில் 1975-ல் கிளாட் பென்னட் என்பவர் வகுத்த ஏழு படிகளை இன்றும் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். கீழே இருந்து: போட்ட ஆள்பலமும் பணமும், நடத்திய நிகழ்ச்சிகள், வந்த மக்கள், அவர்களுக்குப் பிடித்ததா என்பது. ஐந்தாவது படியில் அறிவும் திறனும் மனநிலையும் மாறியதா, ஆறாவதில் நடைமுறையை மாற்றினார்களா, ஏழாவதில் அதனால் கடைசியில் என்ன கிடைத்தது. மகளின் அறிக்கை மூன்றாவது படியில் நின்றுவிட்டது. முதல் பதவி உயர்வுக்காவது ஐந்தும் ஆறும் வேண்டும், அதற்கு மேல் போக ஏழாவதும் வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு.

அதே வேலையை எப்படி எழுதலாம் என்று உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன், எண்கள் என் கற்பனை. மண் பரிசோதனைப் பயிற்சிக்கு 46 பேர் வந்தார்கள். ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் ஒரு பக்கக் கேள்வித்தாள் போகிறது, 31 பேர் பதில் போடுகிறார்கள். அதில் 19 பேர் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தழைச்சத்தைக் குறைத்திருக்கிறார்கள், மொத்தம் 1,900 ஏக்கரில், ஏக்கருக்குச் சராசரியாக 30 பவுண்டு. பவுண்டு 60 சென்ட் என்று வைத்தால் ஏக்கருக்கு 18 டாலர், ஆக 34,200 டாலர் மிச்சம். மகசூல் குறைந்ததா என்றும் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் குழுவில் இருக்கும் உழவியல்காரர் அந்த இடத்தில்தான் பிடிப்பார். பதில் போடாத 15 பேரையும் மறைக்கக் கூடாது. 46-ல் 31 என்று அப்படியே எழுதினால் நம்பிக்கை கூடும். 340 என்ற எண்ணைவிட இந்த 19 கனமானது.

இதில் ஒரு சங்கடம். ஆறு மாதம் கழித்துக் கேட்க வேண்டுமென்றால் அன்றைக்கே வந்தவர்களின் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ வாங்கியிருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்பு அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் குறித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வருஷத்தில் உட்கார்ந்து நான்கு வருஷத்துக் கதையைத் தேடினால் கிடைக்காது. விவசாயிகளுக்கே மறந்துபோயிருக்கும். அந்தத் தகவலை வைத்துக் கட்டுரை எழுதும் எண்ணமிருந்தால், கேள்வித்தாள் அனுப்பும் முன்பே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டுவிட வேண்டும், பின்னால் போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். யார் யாருக்குச் சேவை போய்ச் சேர்ந்தது என்ற பதிவும் முக்கியம். மத்திய அரசுப் பணம் வாங்கும் அமைப்பு என்பதால் இனம், நிறம், பிறந்த நாடு பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற 1964 குடிமை உரிமைகள் சட்டம் இவர்களைக் கட்டுப்படுத்தும். எப்போதும் வரும் பெரிய பண்ணைக்காரர்களை மட்டும் வைத்து ஓட்டினால் கேள்வி வரும்.

எழுத்து, ஆராய்ச்சி என்று பயப்பட வேண்டாம். 1990-ல் எர்னஸ்ட் போயர் என்ற அமெரிக்கக் கல்வியாளர், புதிதாகக் கண்டுபிடிப்பது மட்டும் புலமை இல்லை, ஒருங்கிணைப்பதும் பயன்படுத்துவதும் கற்பிப்பதும் புலமைதான் என்று வாதிட்ட பிறகு, பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவுகோலைத் தளர்த்திக்கொண்டன. சக வல்லுநர்கள் சரிபார்த்த நான்கு பக்கப் பயிர்க் கையேடு, வயலில் நடத்திய ரகச் சோதனையின் முடிவு, விரிவாக்கத்துக்கென்றே 1963 முதல் வரும் ஜர்னல் ஆஃப் எக்ஸ்டென்ஷன் இதழில் ஒரு கட்டுரை, எல்லாம் கணக்கில் சேரும். வெளி நிதிக்கும் மதிப்பு உண்டு. நிலையான வேளாண்மைக்கான SARE என்ற திட்டத்தில் விவசாயிகளோடு சேர்ந்து செய்யும் சிறிய ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். முதல் முயற்சிக்கு அது பொருத்தமான அளவு.

வெளிமதிப்பீட்டுக் கடிதத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல இடங்களில் வேறு பல்கலைக்கழகத்தில் இதே வேலையில் மேல் ரேங்கில் இருப்பவர்களுக்கு மகளின் டோசியரை, அதாவது பதவி உயர்வுக்காகத் தொகுத்த பணி ஆவணத்தை அனுப்பி, உங்கள் இடத்தில் இவருக்கு இந்த ரேங்க் கொடுப்பீர்களா என்று கேட்பார்கள். கூடவே சேர்ந்து கட்டுரை எழுதியவர், ஆய்வு வழிகாட்டி போன்றவர்களைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அப்படியானால் மாநிலத்துக்கு வெளியே நாலு பேருக்காவது அவள் வேலை தெரிந்திருக்க வேண்டும். கவுண்டி வேளாண் ஏஜென்ட்களின் தேசியச் சங்கம் வருஷா வருஷம் மாநாடு நடத்துகிறது. அங்கே தன் வேலையைப் பற்றி ஒரு போஸ்டர் வைத்தால் போதும், பழக்கம் ஏற்படும். அதே சங்கம் பத்து வருஷத்துக்குக் குறைவான பணி அனுபவம் உள்ளவர்களுக்கென்று தனியாக அச்சீவ்மென்ட் விருதும் கொடுக்கிறது. தன்னைத் தானே விண்ணப்பிப்பது கூச்சமாக இருக்கிறது என்கிறாள். அங்கே யாரும் அதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை. டோசியரிலும் அப்படித்தான், குழுவாகச் செய்த வேலையில் தன் பங்கு எது என்று "நான்" போட்டு எழுத வேண்டும். "நாங்கள்" என்று எழுதினால் அடக்கம் என்று நினைக்க மாட்டார்கள், இவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை என்று குறிப்பெழுதுவார்கள்.

கடிதத்தின் கடைசியில் பி.எச்டி. முடிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். எஜுகேட்டர் பதவியில் மேலே போகப் பெரும்பாலும் முதுகலை போதும், அது அவளிடம் இருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில் உட்கார்ந்து மாநிலம் முழுக்கப் பயிற்சி கொடுக்கும் ஸ்பெஷலிஸ்ட் பதவிக்கு வேண்டுமானால் பி.எச்டி. தேவை. கவுண்டி அலுவலகத்தின் இயக்குநர், மண்டல இயக்குநர் என்று நிர்வாகப் பக்கம் போக இன்னொரு வழி உண்டு, ஆனால் அது பட்ஜெட்டும் பஞ்சாயத்துமாகப் போகும், வயலுக்கு நேரம் இருக்காது. அவளுடன் பேசியதில் எனக்குப் பட்டது, அவளுக்கு வயல்தான் பிடித்திருக்கிறது. கம்பெனி மேனேஜர் ஆன தோழர்களின் சம்பளம் இவளைவிட அதிகமாக இருக்கலாம், அந்த ஒப்பீட்டை நான் மறுக்கவில்லை. அது வேறு வேலை, அவ்வளவுதான். பி.எச்டி. முடிவை இந்த விண்ணப்பம் முடிந்த பிறகு எடுக்கட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு போனால் எதுவும் உருப்படியாக வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ப்ரொமோஷன் எப்போது என்று கேட்காதீர்கள். போன வருஷம் வயல் விழாவுக்கு வந்தவர்களின் பட்டியல் இருக்கிறதா, அவர்களுக்குக் கேள்வித்தாள் போய்விட்டதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அறுவடை முடிந்து விவசாயிகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் மாதத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வயல் வேலை மும்முரமான நாட்களில் போட்டால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும்.