சுருள் கேலக்ஸியின் நடுவில் இருக்கும் பட்டை விண்மீன் பிறப்பைக் கூட்டுமா, குறைக்குமா?

பட்டை என்பது மையத்தின் குறுக்கே நீண்டு கிடக்கும் விண்மீன் திரள். கேள்விக்குப் பதில்: இரண்டும் நடக்கும். கேலக்ஸியின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "பட்டை இருந்தால் விண்மீன்கள் அதிகம் பிறக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சுமார் 6 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 1300 என்ற பட்டையுள்ள கேலக்ஸியை ஹப்பிள் தொலைநோக்கி 2004-ல் படம் எடுத்தது. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுருள் கரங்களில் நீலக் கொத்துகளும் இளஞ்சிவப்புத் திட்டுகளும் இறைந்து கிடக்கும். புது விண்மீன்கள் பிறக்கும் இடங்கள் அவை. பட்டையில் பெரும்பாலும் முதிய விண்மீன்களின் மஞ்சள் ஒளிதான். ஆனால் அதன் நீளவாக்கில் மெல்லிய கரிய கோடுகள் மையம் வரை ஓடுகின்றன. அவை தூசு. தூசு இருக்கும் இடத்தில் வாயுவும் இருக்கும். மூலப்பொருள் கைவசம் இருந்தும் அங்கே பிறப்பு ஏன் மந்தம்?

பட்டையின் ஈர்ப்பு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அது சுற்றிவரும் வாயுவின் கோண உந்தத்தை, அதாவது அதைச் சுற்றுப்பாதையிலேயே வைத்திருக்கும் சுழற்சியை, பறித்து உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தூசுக் கோடுகளில் வாயு மோதி அதிர்கிறது. அருகருகே உள்ள பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் விரைவதால், மேகங்கள் சுருங்கித் திரள்வதற்குள் கிழிந்துபோகின்றன. வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் நெல் விளையாது, அது பாய்ந்து தேங்கும் வயலில்தான் விளையும் என்பதைப் போல.

அந்த வயலைப் பார்க்க என்ஜிசி 1097 என்ற இன்னொரு பட்டையுள்ள கேலக்ஸிக்குப் போக வேண்டும். மையத்தைச் சுற்றி ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு குறுக்களவுள்ள வளையம். அது முழுக்கப் புது விண்மீன்கள். பட்டையின் இரு முனைகளும் இப்படித்தான்: கரங்களின் வாயுவும் பட்டையின் வாயுவும் அங்கே முட்டிக்கொள்கின்றன. நம் பால்வெளியிலும் பட்டை உண்டு. அதன் முனையருகே டபிள்யூ43 என்ற மாபெரும் மேகக்கூட்டம் விண்மீன்களைப் பெற்றெடுத்துக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பால்வெளியின் மையத்தில் அடர்ந்த வாயு ஏராளமாகக் குவிந்திருந்தும், அந்த அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் அங்கே விண்மீன்கள் பிறக்கின்றன. கொந்தளிப்பு மிகுதி என்பது ஒரு விளக்கம்.

நீண்ட காலக் கணக்கு வேறு. பட்டை தான் சுழலும் வட்டாரத்து வாயுவை மையத்துக்கு வாரிக் கொடுத்துவிடுவதால், அந்த வட்டாரம் வறண்டுவிடுகிறது. முதிய விண்மீன்கள் நிறைந்து சிவந்த கேலக்ஸி வட்டுகளில் (கரங்கள் அமைந்துள்ள தட்டையான பகுதி) பட்டைகள் அதிகம் காணப்படுவதற்கு இதையே பலர் காரணம் காட்டுவார்கள். நான் சற்றுத் தயங்குவேன்: வாயு குறைந்த வட்டில் பட்டை எளிதில் உருவாகி நிலைக்கும் என்பதால், வறட்சி முந்தி வந்து பட்டை பிறகு வந்திருக்கவும் கூடும்.